காரைதீவுத் தாய் ஒருவரின் கேள்விக்கு: பிள்ளைகள் வாகனம் பழகும்போது உண்மையில் எதைப் பழக வேண்டும்?

காரைதீவிலிருந்து எழுதியிருக்கும் சகோதரி கேட்டிருப்பது இது. அவருடைய மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, 18 வயது நிறைந்த கையோடு லேர்னர்ஸில், அதாவது சாரதிப் பயிற்சிப் பாடசாலையில், சேர நிற்கிறார். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் தங்கையின் மகளோ 16 வயதிலேயே வாகனம் பழகத் தொடங்கி, 20 மணித்தியாலம் வகுப்பறையில் இருந்திருக்கிறாள். "வாகனம் ஓட்டுவதைப் பற்றி மேசையில் இருந்து படிக்க அவ்வளவு என்ன இருக்கிறது? இங்கே இரண்டு கிழமையில் முடித்துவிடுகிறார்களே, அது போதாதா?" என்று அவர் கேட்கிறார். கேள்வியின் கடைசி வரியில் "இரவில் அவன் வெளியே போனால் எனக்கு நித்திரை வராது" என்றும் எழுதியிருக்கிறார். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் மட்டக்களப்பில் 23 வருடங்களாகச் சாரதிப் போதனாசிரியராக இருக்கிறேன். காரும் மோட்டார் சைக்கிளும் மட்டுமே பழக்குகிறேன். லொறி, பஸ் போன்றவற்றில் எனக்குப் பயிற்றுவித்த அனுபவம் இல்லை என்பதால் அவற்றைப் பற்றி இங்கே எதுவும் சொல்லவில்லை.

முதலில் அந்தப் பிள்ளை என்ன படித்திருப்பாள் என்பதைச் சொல்கிறேன். ஒன்ராறியோ மாகாணத்தில் 16 வயதில் ஒருவர் எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தால் ஜீ1 என்ற முதற்கட்ட அனுமதி கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு தனியாக ஓட்ட முடியாது. குறைந்தது நான்கு வருட அனுபவம் உள்ள ஒரு சாரதி பக்கத்து ஆசனத்தில் இருக்க வேண்டும், நள்ளிரவு முதல் அதிகாலை 5 மணிவரை வாகனத்தைத் தொடக்கூடாது, ஒரு துளி மதுவும் உடலில் இருக்கக்கூடாது. இந்தக் கட்டம் 12 மாதம் நீடிக்கும். அரசு அங்கீகரித்த பயிற்சி வகுப்பை முடித்தவர்களுக்கு அது 8 மாதமாகக் குறையும். அந்த வகுப்பு மொத்தம் 40 மணித்தியாலம்: வகுப்பறையில் 20, வாகனத்தில் 10, மிகுதி வீட்டுப் பயிற்சியும் அதை ஒத்தவையும். அதன் பிறகு வீதிப் பரீட்சை ஒன்று, ஜீ2 என்ற இரண்டாம் கட்டம், மீண்டும் ஒரு வீதிப் பரீட்சை என்று படிப்படியாகத்தான் முழு உரிமம் வருகிறது. இரண்டாம் கட்டத்திலும் 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் முதல் ஆறு மாதத்துக்கு நள்ளிரவுக்குப் பின் தம் வயதொத்த ஒருவருக்கு மேல் ஏற்றிச் செல்ல முடியாது. வகுப்பைப் பற்றிப் பேசும்போது பலரும் இந்தக் கட்டுப்பாடுகளை மறந்துவிடுகிறார்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

அந்த 20 மணித்தியாலத்தில் கிளச், கியர் பற்றிய பாடம் மிகக் குறைவு. வீதிச் சட்டமும் அடையாளங்களும் ஒரு பங்கு. மிகுதியெல்லாம் கண்ணுக்கும் நேரத்துக்கும் தூரத்துக்கும் உரிய பாடங்கள். எங்கே பார்ப்பது, எவ்வளவு முன்னதாகப் பார்ப்பது, முன்னே போகும் வாகனத்துக்கும் தனக்கும் இடையே குறைந்தது இரண்டு செக்கன் இடைவெளியை எப்படி எண்ணிப் பார்ப்பது, களைப்பு, கோபம், கைத்தொலைபேசி, நண்பர்களின் உசுப்பல் ஆகியவை ஓட்டுபவரின் மனத்தை என்ன செய்கின்றன என்பவைதான் அவை. இவற்றை மேசையில் இருந்து படிப்பதால் என்ன பயன் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் நகர்கிறது. குறுக்கே ஒரு சைக்கிள் வருவதைக் கண்டு, மூளை அதை விளங்கி, கால் பிரேக்குக்குப் போவதற்குச் சாதாரணமாக ஒன்றரைச் செக்கன் பிடிக்கும். அதற்குள் வாகனம் 21 மீற்றர் போய்விடும். ஒரு கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் 20 மீற்றர். அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்னரே ஒரு பிட்ச்சின் நீளத்தைத் தாண்டிவிடுகிறோம். காய்ந்த வீதியில் நல்ல பிரேக் உள்ள வாகனம் அதன் பிறகு நிற்பதற்கு இன்னும் 14 மீற்றர் வேண்டும், ஆக மொத்தம் 35. இதே கணக்கை 70 கிலோமீற்றர் வேகத்துக்குப் போட்டால் ஏறக்குறைய 57 மீற்றர் வருகிறது. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, தூரம் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது, ஏனென்றால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மழை பெய்து நனைந்த வீதியென்றால் இன்னும் கூடும்.

நான் இதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானத்தில் காட்டுகிறேன். ஓரிடத்தில் அவர்களை நிற்க வைத்து, 21 மீற்றரில் ஒரு கம்பும் 35 மீற்றரில் ஒரு கம்பும் 57 மீற்றரில் இன்னொன்றும் நட்டுவிட்டு, "அந்தக் கடைசிக் கம்பில் உன் தங்கச்சி நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்" என்பேன். எத்தனை தடவை எண்களாகச் சொன்னாலும் தலையாட்டுகிற பிள்ளை, கம்பைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்கும். இன்னொன்றும் செய்வேன். வானின் சாரதி ஆசனத்தில் பிள்ளையை இருத்திவிட்டு, அவருடைய அப்பாவையே சைக்கிளோடு கொண்டுபோய் வானின் இடப்பக்கப் பின் மூலையில் நிற்க வைப்பேன். "கண்ணாடியில் அப்பா தெரிகிறாரா?" என்றால், இல்லை என்றே பதில் வரும். கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவர் நிற்பார். அன்றைக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குத் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

இங்குள்ள முறையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் எடுக்க வேண்டும், 40 கேள்விகள் கொண்ட எழுத்துப் பரீட்சையில் 30 கேள்விகளுக்குச் சரியான விடை எழுத வேண்டும், தமிழிலேயே எழுதலாம், அதன் பிறகு 18 மாதத்துக்குச் செல்லுபடியாகும் பயிலுனர் அனுமதிப்பத்திரம் கிடைக்கிறது, முன்னும் பின்னும் எல் பலகை கட்டிப் பழகி ட்ரயல் என்ற செய்முறைப் பரீட்சைக்குப் போகிறோம். ஒழுங்கான முறைதான். ஆனால் ட்ரயலில் பார்ப்பது கையையும் காலையும். மோட்டார் சைக்கிளில் எட்டுப் போடுவது, காரைப் பின்னால் எடுத்து நிறுத்துவது, பகல் வெளிச்சத்தில் சிறிது தூரம் வீதியில் ஓட்டிக் காட்டுவது என்பவற்றோடு அது முடிகிறது. பரீட்சை எதைக் கேட்கிறதோ அதையே பயிற்சியும் கொடுக்கும். பெற்றோரும் "ட்ரயல் எப்போது?" என்றுதான் கேட்கிறார்கள். பழகுவதற்கு 18 மாதம் தந்திருக்க, அதில் இரண்டு கிழமையை மட்டும் நாங்கள் பயன்படுத்துகிறோம். உங்கள் கேள்விக்கு நேரான பதில் என்றால், ட்ரயலுக்கு அந்த இரண்டு கிழமை போதும். வீதிக்குப் போதாது.

இதை நான் படித்தது ஒரு பிள்ளையின் கால் முறிந்த பிறகுதான். சில வருடங்களுக்கு முன் என்னிடம் பழகிய ஒரு தம்பி முதல் ட்ரயலிலேயே எந்தப் பிழையும் இல்லாமல் சித்தியடைந்தார். ஒன்றரை மாதம் கழித்து, பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்த மாசி மாதத்தில், இரவு ஏழரை மணியளவில் நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனவர், நெல் மூட்டை ஏற்றிய ஒரு கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் போய் மோதினார். பெட்டிக்குப் பின்னால் விளக்கும் இல்லை, ஒளிதெறிக்கும் தகடும் இல்லை. எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் வேறு கண்ணில் அடித்திருக்கிறது. தொடை எலும்பு முறிந்து, பல்கலைக்கழகத்துக்கு ஒரு வருடம் பிந்தித்தான் போனார். நான் வைத்தியசாலைக்குப் போனபோது அவர் சொன்னது, "சேர், நான் கண்டாப் பிறகு ஒண்டும் செய்ய நேரம் இருக்கல்ல." அவரை நான் ஒரு நாளும் இரவில் வீதிக்குக் கூட்டிப்போயிருக்கவில்லை. எதிர்வெளிச்சம் கண்ணில் அடித்தால் பார்வையை வீதியின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை வாயால் சொல்லியிருந்தேன், செய்ய வைத்துப் பார்த்திருக்கவில்லை. விளக்கில்லாத பெட்டியை வீதிக்குக் கொண்டுவந்தவருடைய குற்றம் வேறு. என் பங்கு இது. அன்றிலிருந்து குறைந்தது இரண்டு இரவுப் பாடமும் ஒரு மழைப் பாடமும் இல்லாமல் யாரையும் ட்ரயலுக்கு அனுப்புவதில்லை.

கண்ணைப் பழக்குவதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த வழி, காண்பதை வாயால் சொல்லிக்கொண்டே ஓட்ட வைப்பதுதான். பொலிஸ் சாரதிகளுக்கு இப்படிப் பயிற்சி கொடுக்கும் வழக்கம் பிரித்தானியாவில் நெடுங்காலமாக உண்டு. கடந்த மாதம் ஒரு மாணவி கல்லடியிலிருந்து காத்தான்குடிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனபோது சொன்னது இப்படியிருந்தது: "முன்னுக்கு பஸ் நிக்கிது, ஆக்கள் இறங்குறாங்க, பஸ்ஸுக்கு முன்னால ஆரும் கடப்பாங்க, காலை எடுக்கிறன். இடப்பக்கம் ஓட்டோ, முன் சில்லு திரும்பியிருக்கு, எடுக்கப் போறான். மஞ்சள் கடவை, ஒரு அம்மா நிக்கிறா, நிப்பாட்டுறன்." முதல் நாளில் அவருக்கு இதில் ஒன்றும் வரவில்லை. "கார் வருது, பைக் வருது" என்று கடந்து போனவற்றை மட்டும் சொன்னார். ஐந்தாம் நாளில் ஓட்டோவின் சில்லைப் பார்த்து அடுத்து நடக்கப் போவதைச் சொன்னார். பிரித்தானியாவில் 2002 முதல், ஆபத்து உருவாகும் கணத்தை வீடியோவில் கண்டுபிடிக்கும் ஒரு தேர்வை எழுத்துப் பரீட்சையோடு சேர்த்திருக்கிறார்கள். அங்கே திரையில் சோதிப்பதைத்தான் நாம் வீதியில் வாயால் செய்கிறோம். இதற்குப் பணமும் கருவியும் தேவையில்லை. உங்கள் மகன் பஸ்ஸில் முன் ஆசனத்தில் இருந்து போகும்போதுகூட மனதுக்குள் சொல்லிப் பழகலாம்.

இனி நமது வீதிகள். கனடாப் பாடப்புத்தகத்தில் பனிச்சறுக்கலுக்கு ஒரு பகுதி இருக்கும். நமக்கு அதற்கு ஈடான பகுதியை நாங்களே எழுதிக்கொள்ள வேண்டும். மட்டக்களப்பு – கல்முனை வீதியில் இரவானால் மாடுகள் தார்ச் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும். கறுத்த மாட்டின் உடல் கண்ணுக்குத் தெரியாது, கண் மட்டும் மினுங்கும், அதுவும் தலையை மறுபக்கம் திருப்பியிருந்தால் அதுவும் இல்லை. ஒரு மாடு எழும்பிக் கடந்தால் அதன் பின்னால் கன்று வரும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டும். காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறை போகும் வீதி உங்கள் மகன் அடிக்கடி ஓடப் போகும் வீதி. அறுவடைக் காலத்தில் அங்கே வீதியோரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள், அதைச் சுற்றிக் கல் வைத்திருப்பார்கள், அறுவடை இயந்திரம் பாதி வீதியை அடைத்துக்கொண்டு வரும். கடலோர உள்வீதிகளில் காற்று மணலைக் கொண்டுவந்து வளைவில் கொட்டிவிடும். மோட்டார் சைக்கிளைச் சாய்த்துத் திரும்புகிறவருக்கு அது எண்ணெய் கொட்டியதற்குச் சமம். கார்த்திகை, மார்கழியில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும்போது ஆழம் தெரியாமல் இறங்கக் கூடாது, ஏனென்றால் தண்ணீருக்கு அடியில் மதகின் ஓரம் அரித்துப் போயிருக்கலாம். பொத்துவில்லிலிருந்து லகுகல பக்கம் போனால் யானை. யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்த வேண்டும், ஹோன் அடிக்கக் கூடாது, பின்னால் எடுக்க இடம் விட்டு நிற்க வேண்டும். புதிய கல்லடிப் பாலம் 2013இல் திறக்கும்வரை பழைய இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்களே போகும். அங்கே காத்து நின்று பழகிய மாணவர்களிடம் இருந்த பொறுமையை இப்போது நான் தனியாகப் பாடமாக நடத்த வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பறைப் பாடம் நடத்தினால் விபத்துக் குறையும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்தின் டிகால்ப் மாவட்டத்தில் 1970களின் இறுதியில் ஏறக்குறைய 16,000 மாணவர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நீண்ட பயிற்சியும், இன்னொரு பகுதியினருக்குக் குறுகிய பயிற்சியும் கொடுத்து, மூன்றாம் பகுதியினருக்குப் பாடசாலையில் எதுவும் கொடுக்காமல் விட்டுப் பார்த்தார்கள். நீண்ட பயிற்சி பெற்றவர்களிடம் தொடக்க மாதங்களில் சிறிது நன்மை தெரிந்தது, பிறகு அது கரைந்துவிட்டது. நோர்வேயில் வழுக்கும் வீதியில் சறுக்கலைச் சமாளிக்கும் பயிற்சி கொடுத்தபோது இளம் ஆண்களிடையே விபத்துக் கூடியது. கை திறமையானதும் பயம் குறைந்துவிடுகிறது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் விளக்கம், என் மாணவர்களிடமும் அதைக் காண்கிறேன். இரவுப் பாடமும் வாயால் சொல்லி ஓட்டுவதும் விபத்தைக் குறைக்கின்றன என்று என்னால் எண்ணிக்கையால் காட்ட முடியாது. என் அனுபவத்தில் வைத்த நம்பிக்கை அது. உறுதியாகத் தெரிந்தவை வேறு சில. புதிய சாரதிக்கு மிக ஆபத்தான காலம், தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்கள். இரவில் ஆபத்துக் கூடும். தம் வயதொத்தவர்களை ஏற்றினால் கூடும். இந்த மூன்றையும் கட்டுப்படுத்தும் படிமுறை உரிமத்தை 1987இல் நியூசிலாந்து முதலில் கொண்டுவந்தது. பிறகு வந்த நாடுகள் பலவற்றிலும் இளம் சாரதிகளின் விபத்து அதனால் குறைந்திருக்கிறது. ஆகவே உங்கள் தங்கையின் மகளைப் பாதுகாப்பதில் அந்த 20 மணித்தியால வகுப்பைவிட, நள்ளிரவுக்குப் பின் ஓட்டக்கூடாது, பக்கத்தில் பெரியவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளுக்கே பெரிய பங்கு.

நமது சட்டம் அந்தப் படிகளை வைக்கவில்லை. ட்ரயல் முடிந்து கையில் அனுமதிப்பத்திரம் வந்த அன்று இரவே நான்கு நண்பர்களோடு அறுகம்பைக்குப் போகச் சட்டத்தில் தடையில்லை. மதுவின் அளவும் அப்படித்தான். நமது சட்டம் இரத்தத்தில் 0.08 சதவீதத்தை எல்லையாக வைத்திருக்கிறது, புதிய சாரதிக்கும் அதே எல்லைதான், ஆனால் அதற்குக் கீழேயே பார்வையும் நிதானமும் தளர்ந்துவிடும். ஆகவே அந்தப் படிகளை நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் வைக்க வேண்டும், அதையும் பழகத் தொடங்கும் முன்னரே மகனோடு இருந்து பேசி வைக்க வேண்டும், பிறகு சொன்னால் தண்டனையாகத் தோன்றும். அனுமதிப்பத்திரம் கிடைத்த பிறகும் ஆறு மாதத்துக்குத் தந்தையோ மாமாவோ பக்கத்தில் இருந்து, கிழமைக்கு இரண்டு மூன்று தடவையாவது ஓட்டட்டும். கடைக்கு, கோவிலுக்கு, அம்மம்மா வீட்டுக்கு என்று எந்தப் பயணமானாலும் சரி. அதில் சில இரவில் இருக்கட்டும், சில மழையில். தனியாகப் போகும்போது முதல் ஆறு மாதம் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வர வேண்டும், நண்பர்களை ஏற்றக்கூடாது, தொலைபேசி பையில் இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் சத்தம் போடக்கூடாது என்பதையும் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். சத்தம் கேட்டால் பிள்ளையின் கண் வீதியிலிருந்து அப்பாவின் முகத்துக்குப் போய்விடும்.

மகன் காரைவிட மோட்டார் சைக்கிளைத்தான் கூடுதலாக ஓட்டுவார் என்று நினைக்கிறேன், இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். ஆகவே இதைத் தனியாகச் சொல்கிறேன். என்னிடம் வரும் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறியும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பிரேக் பிடிக்கும்போது வாகனத்தின் பாரம் முன் சில்லுக்குப் போவதால், நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் பிரேக்கிடம்தான் இருக்கிறது. கைப்பிடி நேராக இருக்கும் நிலையில், இரண்டு பிரேக்கையும் ஒன்றாக, முன்னதை மெதுவாகத் தொடங்கி இறுக்கிக்கொண்டு போவதை வெறும் மைதானத்தில் நூறு தடவை செய்ய வேண்டும். மணலிலும் வளைவிலும் முன் பிரேக்கை இறுக்கக் கூடாது என்பதால், அங்கே போகும் முன்னரே வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். தலைக்கவசத்தின் நாடாவைப் பூட்டிய பின் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும், பூட்டாத தலைக்கவசம் விழும்போது தலையில் இருக்காது.

லேர்னர்ஸைத் தெரிவு செய்யும்போது விலையைக் கேட்ட பிறகு மூன்று விடயங்களைக் கேளுங்கள்: இரவில் கூட்டிப் போவீர்களா, மழையில் கூட்டிப் போவீர்களா, ஒரு பாடத்தில் என் மகன் எத்தனை நிமிடம் சாரதி ஆசனத்தில் இருப்பான். ஒரே வாகனத்தில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுக்கும் இடமென்றால் வேறிடம் பாருங்கள். கண்ணாடி போடுகிற பிள்ளையென்றால் மருத்துவச் சான்றிதழுக்குப் போகும் முன்னர் கண் வைத்தியரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், இரவுப் பார்வையை மதிப்பிடுவது போதனாசிரியரால் முடிகிற காரியமில்லை. நீங்கள் கேட்டிருந்த இன்னொன்று, உயர்தரப் பரீட்சை முடிந்ததற்குப் பரிசாக இப்போதே ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாமா என்பது. முற்றத்தில் நிற்கும் வாகனத்தை ஓட்டாமல் இருக்கும் பொறுமையை 18 வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்க முடியாது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் காப்புறுதியும் கைகொடுக்காது. ட்ரயல் முடியட்டும், பிறகு வாங்கிக் கொடுங்கள்.